பிற்கூற்றியல்: விற்ற காரைப் பற்றி வரும் முதல் அழைப்புக்கு ஓர் உரை

“சார், ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். வண்டில ஒரு சத்தம் வருது.”

மூலம் இவ்வளவே. எண்ணினால் எட்டுச் சொல். தரகர் தயவில்லாமல் தன் பழைய காரைத் தானே விற்றவர் எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கேளாதாரும் உளரே எனின், அவர் கைப்பேசி எண்ணை மாற்றிக்கொண்டவர் என்க. ஒரே நூலுக்கு நாலைந்து பேர் போட்டி போட்டு உரை எழுதிய மொழி இது. இந்த எட்டுச் சொல்லுக்கு மட்டும் ஓர் உரையாசிரியர் வாய்க்கவில்லை. அக்குறையை நீக்க முன்வந்திருக்கும் அடியேனின் தகுதி: ஒரு கார், அதை வாங்கிய ஒருவர், நாற்பது நாளில் பதினோரு அழைப்பு.

இவ்வளவு அற்பமான பொருளுக்கு ஆய்வா என்று முகம் சுளிப்போர் இருப்பர். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. விஷயம் அற்பமானது என்பதே அவற்றில் இரண்டு சொன்ன காரணம். கட்டுரை 1970இல் ஒருவழியாக அச்சேறியது. 2001இல் வேறு இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனவே இக்கட்டுரையை யாரேனும் அற்பம் என்றால் வருந்த மாட்டேன். இரண்டாவது ஆள் எப்போது சொல்வார் என்று காத்திருப்பேன்.

இனிப் பதவுரை.

‘சார்’ என்பது விளி. ஆனால் இது இயல்பான விளி அன்று, திரிந்த விளி. விலை பேசிய நாளில் இதே வாய் என்னை ‘அண்ணே’ என்றது. டோக்கன் அட்வான்ஸ் 5,000 ரூபாய் கை மாறியபோதும் ‘அண்ணே’. சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது ‘உங்க கைராசிண்ணே’. பத்தாம் நாள் காலை ‘சார்’. முறை வைத்து அழைத்தவர் மரியாதை வைத்து அழைக்கத் தொடங்கினால் உறவில் ஏதோ ஒரு நட்டு கழன்றிருக்கிறது என்று பொருள். இந்தத் திரிபு இத்தோடு நிற்பதில்லை. ‘சார்’ அடுத்து ‘ஏங்க’ ஆகும். ‘ஏங்க’ முற்றினால் ‘யோவ்’. ‘சார்’ நிலையிலேயே பேசி முடித்துக்கொள்வது அறிவுடையார் வழக்கு.

‘ஒண்ணுமில்ல’: எதிர்மறை வாய்பாட்டில் வந்த உடன்பாடு. தமிழ்நாட்டில் ‘ஒண்ணுமில்ல’ என்று தொடங்கிய எந்தப் பேச்சும் ஒன்றுமில்லாமல் முடிந்ததில்லை. மருத்துவர் சொன்னாலும் மனைவி சொன்னாலும் இதே விதி.

‘சும்மாதான்’: ஞானிகள் ‘சும்மா’ என்பதற்குச் சொல்லும் பொருள் வேறு. இங்கே ‘தான்’ என்ற இடைச்சொல் தேற்றப் பொருளில் வந்து, சும்மா இல்லை என்பதை உறுதி செய்தது.

‘கூப்பிட்டேன்’ என்பது தன்மை ஒருமை வினைமுற்று. அங்ஙனமாயின் பேசுபவர் ஒருவரே எனின், அற்றன்று. காதைக் கூர்மையாக்கிக் கேட்டால் பின்னணியில், “ஸ்பீக்கர்ல போடு மாப்ள, ஸ்பீக்கர்ல போடு” என்று இன்னொரு குரல் கேட்கும். அகப்பாடல்களில் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று துறை வகுத்தார்களே, அது போல இது மேலோட்டத்தில் வாங்கியவர் கூற்று. உள்ளே பார்த்தால் மச்சான் கூற்று.

மச்சான் யார் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கார் பார்க்க வரும்போது உடன் வந்தவர் அவர். டயரைக் காலால் ஒரு உதை விட்டவர் அவர். பானட்டைத் திறக்கச் சொல்லி, ஆயில் மூடியைக் கழற்றி, எதையோ கண்டுபிடித்தவர் போலத் தலையாட்டியவரும் அவரே. வண்டியைச் சும்மா முறுக்கிவிடச் சொல்லிப் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. என் வண்டி எந்த நிறத்திலும் புகைவிடாமல் அவரை ஏமாற்றிவிட்டது. “வேணாம் மாப்ள” என்று அவர் சொன்னதை மீறித்தான் தம்பி (என்னை ‘அண்ணே’ என்றவரை வேறென்ன சொல்வது?) வாங்கினார். ஆகவே அந்த வண்டியில் எழும் ஒவ்வொரு சத்தமும் மதுராந்தகத்துக்கு அருகே ஒரு வீட்டில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு மனிதரின் முகத்தில் விழுகிறது. பழுது பார்க்கப்பட வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. பெரும்பாலான விற்பனையாளர்கள் இதை விட்டுவிட்டு வண்டியை மட்டும் பார்க்கிறார்கள்.

‘வண்டில’ என்பதில் ஆறாம் வேற்றுமை தொக்கி நிற்கிறது. யாருடைய வண்டியில்? வாங்கும்போது ‘நம்ம வண்டி’ ஆயிருந்தது. முதல் அழைப்பில் வெறும் ‘வண்டி’. மூன்றாம் அழைப்பில் வெளிப்படையாகவே ‘உங்க வண்டி’ என்றார். பணம் என்னிடம், வண்டி அவரிடம், உடைமை மட்டும் இலக்கணத்தின் வழியாக மெல்ல என் வாசலுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு ஒருநாள், ஜிஎஸ்டி சாலையில் சிக்னல் தாண்டியதற்கான அபராதக் குறுஞ்செய்தி என் கைப்பேசிக்கு வந்தபோது, அவர் சொன்னது இலக்கணப்படி மட்டுமல்ல, சட்டப்படியும் சரி என்று விளங்கிற்று. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 50ஆம் பிரிவின்படி விற்றவர் அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, “நீங்களே ஆர்டிஓ ஆபீஸ்ல கொடுத்திடுங்க தம்பி” என்று கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கியவன் நான். பெயர் மாறாதவரை பதிவில் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல கை மாறிப் போன ஒரு காருக்காக, பதிவில் பெயர் இருந்த முதல் ஆள் மாட்டிக்கொண்ட வழக்கு அது. “இன்று மாலை 5.40 மணி முதல் இவ்வாகனம் சம்பந்தப்பட்ட விபத்து, வழக்கு, அபராதம் அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு” என்று நிமிடக் கணக்கோடு டெலிவரி நோட் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, படமும் எடுத்து வைத்திருந்தேன். அந்த 5.40 என்ற துல்லியத்தில் எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. வேறெந்தப் பயனும் அதில் இருந்ததாகத் தெரியவில்லை.

‘ஒரு சத்தம்’. இங்கேதான் உரை நீளும்.

“என்ன சத்தம்?” என்றேன். “கடகடன்னு” என்றார். இது இரட்டைக்கிளவி. இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பது இலக்கணம். சலசல என்பதில் ஒரு ‘சல’வை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. மெக்கானிக்குகள் இவ்விதியை ஏற்பதில்லை. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, “ஒரு கடவா, ரெண்டு கடவா?” என்பதுதான். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷையோ ஷாக்கின் தலைமாட்டையோ பார்க்க வேண்டும். பழைய தார் ரோட்டில் மெதுவாகப் போகையில் சின்னச் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் ‘கட, கட’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராட். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது ‘டக்டக்டக்’ என்றால் ஆக்சில் ஜாயின்ட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்தி அடங்கினால் ஃபேன் பெல்ட். வண்டி நின்ற இடத்திலேயே ‘கடகட’ என்றால் மட்டும் வயிற்றைக் கலக்கும். அது இன்ஜினுக்குள்ளிருந்து வரலாம்.

எனவே புகாரைக் கையாள்பவர் முதலில் செய்ய வேண்டியது இரட்டைக்கிளவியைப் பிரிப்பது. “எப்ப வருது? எந்தப் பக்கம்? பிரேக் அடிக்கும்போதா, பள்ளத்துலயா?” இந்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டால் ‘சார்’ மறுபடி ‘அண்ணே’ ஆவதற்குக் கால்வாசி வழி கடந்தாயிற்று. நம்மவர் யாரும் கேட்பதில்லை. உலக வழக்கில் நிலைத்துவிட்ட பதில் வேறு: “நான் ஓட்டும்போது ஒண்ணும் இல்லையே!”

இந்த வாக்கியத்தைச் சொன்னவர் உண்மையே சொல்லியிருந்தாலும் அது கேட்பவர் காதில், “உனக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை” என்றும், “பத்தே நாளில் கெடுத்துவிட்டாய்” என்றும், சற்றுத் தள்ளி நிற்கும் மச்சான் காதில், “நான் அப்பவே சொன்னேன்ல” என்றும் விழுகிறது. ஒரே தொடர் மூன்று பொருள் தருவது கவிதைக்கு அழகு. கார் விற்றவருக்கு அதனால் செலவுதான்.

‘கடகட’வுக்கு அடுத்து வரவேண்டியது எதிர்த்தரப்பு மெக்கானிக்கின் சான்றுரை. “நம்ம மெக்கானிக் கிட்ட காட்டினேன் சார். இதை யாரு சார் உங்க தலையில கட்டுனதுன்னு கேட்டாரு.” பதற வேண்டாம். மெக்கானிக் எவரும் இன்னொரு மெக்கானிக் தொட்ட வண்டியைத் திறந்தவுடன், “யாரு சார் இதைப் பண்ணது?” என்று கேட்பது அத்தொழிலின் கடவுள் வாழ்த்து. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கடைசிச் சொல் ‘வருது’. நிகழ்காலம். வழக்கு முழுவதும் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. ‘வருது’ என்றால் அவர் பாடு. ‘வந்துச்சு’ என்றால் என் பாடு.

விற்கும் முன்பே ‘வந்துச்சு’, விற்றவர் சொல்லவில்லை என்றால்? சட்டம் இதற்குக் குதிரையை உதாரணம் காட்டுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டதோ 1886இல். ஆகவே நம் கார்களுக்கெல்லாம் மூத்த தீர்ப்பு குதிரையின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. 17ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: குதிரை நோயுற்றது என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை, அது மோசடி ஆகாது. சும்மா இருந்தது குற்றமில்லை. வாங்குவது அவருடைய சொந்த மகள், அப்போதுதான் வயதுக்கு வந்து சட்டப்படி முழு ஆளானவள் என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது உதாரணம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. “நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொல்ல, விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930, 16ஆம் பிரிவு என்னைப் போன்ற தனியாளுக்குச் சாதகமானதே. அந்தச் சரக்கை வியாபாரமாக விற்பவருக்குத்தான் தரத்துக்கான உள்ளார்ந்த பொறுப்பு. வாழ்நாளில் ஒரு கார் விற்பவனுக்குப் பொதுவாக இல்லை. பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் கடமை. இதை அச்சடித்து வாட்ஸாப்பில் அனுப்பினாலே போதும் என்று உறவினர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அவர் வழக்கறிஞர். ஆனால் அவருக்குத் தேநீர்க் கடை விஷயம் தெரியாது.

விஷயம் இது. தை பிறந்ததும் வாங்க வேண்டும் என்று தம்பி மார்கழி முழுக்கக் காத்திருந்தார். (தையில் கார் வாங்குபவர்கள் ஏசி போட்டுப் பார்ப்பதில்லை, அந்தப் புகார் அக்கினி நட்சத்திரத்தில் வரும். அதற்குத் தனி நூல் வேண்டும்.) குரோம்பேட்டையில் என் தெருமுனைக் கடையில் நின்று 1,78,000 என்று முடித்தோம். அப்போது அவர் கேட்டார்: “ஏதாச்சும் வேலை இருந்தா இப்பவே சொல்லிடுங்கண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்குன்னுதான் எடுத்துக்குவேன்.” 1872ஆம் வருடத்துச் சட்டத்தை ஒரு மாவு மில்காரர் இவ்வளவு சுத்தமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் என் வாயில் பருப்பு வடை இருந்தது.

வடையோடு கூடிய மௌனம் பேச்சாகுமா? சட்டம் இது பற்றி மௌனம் சாதிக்கிறது. ஆகும் என்பது ஒரு சாரார் கட்சி: மென்று விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆகாது என்பது என் கட்சி. ஆனால் அக்கட்சியில் ஒரு பலவீனம் உண்டு. ரயில்வே கேட் தாண்டும்போது இடது பக்கம் முன்னால் ‘கட’ என்று ஒன்று கேட்பதும், அதன் பொருட்டு ஓராண்டாக நான் எஃப்எம் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்து ஓட்டி வந்ததும் உண்மை. பொய் சொல்லவில்லை. இளையராஜா பாட்டு நடுவே எனக்கே அது மறந்துவிட்டிருந்தது.

அகெர்லாஃப் சொல்வதும் இந்த வடையைப் பற்றித்தான். விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான விலையே சொல்வான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மனமின்றி விலகிப்போவான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். அப்படிப்பட்ட வண்டிக்கு அமெரிக்காவில் பெயர் எலுமிச்சை. நாம் இவ்விஷயத்தில் முன்னேறியவர்கள். வண்டி வாங்கிய அன்றே நாலு சக்கரத்திலும் எலுமிச்சையை வைத்து ஏற்றி நசுக்கிவிடுகிறோம். தம்பியும் நசுக்கினார். முன் இடது சக்கரத்தின் பழம் வழுக்கி வெளியே ஓடிவிட்டது என்று பிற்பாடு சொன்னார். ஆய்வாளன் என்ற முறையில் இதற்கும் லிங்க் ராடுக்கும் தொடர்பு கற்பிக்க மாட்டேன்.

தமிழில் விற்பனைக்குப் பிந்திய புகார்களில் முதன்மையானது எதுவெனின், அதுவும் குதிரை வழக்கே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 59, 60ஆம் படலங்கள். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை வாதவூரர் கோயிலுக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிவந்து, கயிறு மாற்றிக் கொடுத்தார். பகலில் பார்த்தபோது அத்தனையும் உயர்சாதிக் குதிரை. இரவானதும் ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிட்டன. இதில் அறிய வேண்டியது ஒன்று. கயிறு மாற்றிய வணிகரைப் பாண்டியனால் தேடிப் பிடிக்க முடியவில்லை. புகார் முழுவதும் நடுவில் நின்ற வாதவூரர் மேல் விழுந்தது, வைகைச் சுடுமணலில் நிறுத்தினார்கள். தரகர் இல்லாமல் விற்பதில் உள்ள குறை இதுதான். வெயிலில் நிற்பதற்கு வேறு ஆள் இல்லை. கயிறு மாற்றியவனே நிற்க வேண்டும்.

நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை மதுராந்தகம் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கினேன். மெக்கானிக் கடை வாசலில் தம்பி, மச்சான், தம்பியின் மகன், வேடிக்கை பார்க்க இரண்டு பேர். “இன்ஜின் போயிருக்கு” என்று மச்சான் எனக்கு வரவேற்புரை வழங்கினார். மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அடியில் படுத்தார். எழுந்தார்.

“ஒரு கடதான். லிங்க் ராட். ரெண்டு பக்கமும் மாத்திடலாம்.”

“இன்ஜின்?” என்றார் மச்சான்.

“இன்ஜினுக்கு என்ன? ஊசி மாதிரி இருக்கு.”

அப்போது தம்பி என்னைப் பார்க்கவில்லை. மச்சானைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையின் மதிப்பைச் சரியாகக் கணக்கிட எனக்கு அளவைகள் போதவில்லை. 1,78,000 ரூபாயில் ஒரு கணிசமான பகுதி அதிலேயே வசூலாகியிருக்கும் என்று தோன்றியது. பில் 2,200 ஆயிற்று. 1,100 நான் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஏன் பாதி என்று என் வீட்டில் கேட்டார்கள். முழுசும் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், ஒன்றும் கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு சத்தம் வரும். தவிர, மீதிப் பாதி வடையினுடையது. மறுநாள் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் இருவருமாகப் போனோம். அங்கே பட்ட பாடு வேறு இயலைச் சேர்ந்தது.

இவ்வளவோடு ஆய்வு முடிந்தது என்று மேற்படிப் பக்கங்களைச் சுத்தப்படுத்தி எழுதிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பன்னிரண்டாம் அழைப்பு.

“அண்ணே, ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.”

விளி திரும்பியிருப்பதைக் கவனித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது.

“வண்டி சூப்பரா போகுதுண்ணே. நேத்து பஞ்சர் ஆச்சு. டிக்கில ஜாக்கி இருக்கு, அதைச் சுத்துற கம்பி மட்டும் காணோம். நீங்க எடுத்து வச்சிருக்க மாட்டீங்க. இருந்தும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.”

ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க மூன்று வருடமாக அண்டக் கொடுத்திருக்கும் இரும்புக் கம்பியைப் பார்த்தேன். ஒரு முனையில் கொக்கி வளைந்திருந்தது. மேஜை மேல் தட்டில் பருப்பு வடை இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.